ஏற்றத்துக்குக் கூலி எங்கே?



சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணியில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். அடிவாரத்தில் ஒரு விலைக்கு விற்கும் தேத்தண்ணி, படி ஏற ஏற விலை கூடும். அதற்காக யாரும் கடைக்காரரோடு சண்டை பிடிப்பதில்லை. சீனியும் மாவும் ஆள் முதுகில் ஏறித்தான் அங்கே போகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஏற்றத்துக்கு ஒரு கூலி உண்டு.

தோட்டக் கம்பனிகளுக்கு மட்டும் இது தெரியாது.

பள்ளத்து மலையில் கொழுந்தெடுக்கும் பெண் 15 கிலோவை முதுகில் போட்டுக்கொண்டு நிறுவை நடக்கும் ரோட்டுக்கு ஏறுகிறாள். மலை 60 மீட்டர் கீழே இருந்தால் அது 20 மாடி ஏறுவதற்குச் சமம். நாளைக்கு மூன்று நிறுவை என்றால் 60 மாடி. வழுக்கும் பாதை, அட்டை, மழை, கழுத்தை இழுக்கும் கயிறு எல்லாம் இதற்கு மேலே. தராசு கிலோவைக் காட்டும். ஏறிய உயரத்தைக் காட்டாது. அதனால் அந்த உழைப்பு செக்ரோலில் இல்லை.

இன்னொரு அநியாயம் ஈரக் கழிவு. மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரையும் சேர்த்துச் சுமந்தது யார்? சுமக்கும்போது அது பாரம், நிறுக்கும்போது கழிவு! மேலதிகக் கிலோவுக்கு 50 ரூபா என்று 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தது. நோர்முக்கு மேல் எடுத்தவளிடம் இரண்டு கிலோ வெட்டினால் 100 ரூபா போகிறது. நோர்முக்கு இரண்டு கிலோ குறைந்தால் அரைப்பேர் என்று மிரட்டல் வருகிறது.

"உற்பத்தித்திறன் போதாது" என்கிறார்கள் துரைமார். ஏறி இறங்கும் நேரத்தில் கை கொழுந்தெடுக்க முடியுமா? தராசை மலைக்குக் கொண்டுவந்தால் அந்த நேரம் மிஞ்சும், கிலோவும் கூடும். வெள்ளைக்காரன் காலத்திலேயே கம்பி கட்டிக் கொழுந்து மூட்டைகளை அனுப்பிய தோட்டங்கள் இருந்தன. அன்று முடிந்தது இன்று ஏன் முடியாது? பெண்ணின் முதுகு கம்பியைவிட மலிவு என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

சுகத்துக்குக் கேடான பாரத்தை எந்தத் தொழிலாளியையும் சுமக்க விடக்கூடாது, வேலை செய்யும் இடத்தின் நிலைமையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று சர்வதேச தொழில் அமைப்பின் 127ஆம் சமவாயம் 1967இலேயே சொல்லிவிட்டது. பெண்களுக்கான பாரம் ஆண்களுக்கானதைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

நாம் கேட்பது இவைதான்:

1. பள்ளத்து மலைகளில் நிறுவை கீழேயே நடக்க வேண்டும். மூட்டையை மேலே ஏற்றுவது நிர்வாகத்தின் பொறுப்பு.
2. செங்குத்து மலைக்கு நோர்ம் குறைய வேண்டும்.
3. ஈரக் கழிவை நிர்வாகம் இஷ்டத்துக்கு வெட்டக்கூடாது. மாதர் தலைவி முன்னிலையில் தீர்மானிக்க வேண்டும்.
4. படிகளைத் திருத்தி, வழுக்கும் இடங்களில் கைப்பிடி போட வேண்டும்.
5. கர்ப்பிணிகளைப் பாரம் சுமக்க வைக்கக்கூடாது.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு மலைக்கும் நிறுவைக்கு எத்தனை படி, எத்தனை நிமிடம் என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள். பேச்சுவார்த்தை மேசையில் அந்தக் கணக்கை வைப்போம். தராசு காட்டாததை நாம் காட்டுவோம்!