கோடு போட்டது யாருன்னு பாருங்க

பொங்கலுக்கு ஊருக்கு வந்துட்டுப் போன சொந்தக்காரங்க எடுத்த படங்கள் இன்னும் வாட்ஸ்அப்புல வந்து விழுந்துகிட்டே இருக்கு. ஒண்ணு விடாம பார்த்தேன். முக்கால்வாசிப் படத்துல யாரோ ஒருத்தர் நட்டநடுவுல நிக்கிறார், பின்னாடி பச்சையா என்னமோ தெரியுது. மிச்சமெல்லாம் சுருக்கம் விழுந்த பாட்டி முகம், துண்டு கட்டின தாத்தா, சேத்துல நிக்கிற மாடு. கீழ ‘கிராமத்து அழகு’ன்னு ஒரு வரி.

குறை சொல்றதுக்காக இதை எழுதல. ஆனா எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. கிராமத்துல படம் எடுக்க வர்றவங்க முதல்ல கோட்டையும் வடிவத்தையும் பார்க்கணும். வரப்பு, வாய்க்கால், நடவு வரிசை, தென்னை வரிசை, கிணத்து வட்டம், களத்துல குவிச்ச நெல்லு, வாசல் கோலம்... கண்ணுக்கு முன்னாடி கொட்டிக் கிடக்கு. இதைப் பார்க்கப் பழகினா படம் நல்லா வரும். கூடவே ஊரும் புரியும். எனக்கு அந்த ரெண்டாவதுதான் முக்கியம்.

இதுக்கு விலை உசந்த கேமரா வேண்டாம். ஆன்றி கார்த்தியே பிரெஸ்ஸோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் (1908–2004). புகைப்படத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஓவியம் படிச்சவர். கையில ஒரு சின்ன லைக்கா கேமரா, பெரும்பாலும் ஒரே ஒரு 50 மி.மீ. லென்ஸ். 1950-ல ரமணர் மறைஞ்சப்போ திருவண்ணாமலையில இருந்து படம் எடுத்தவரும் இவர்தான். 1932-ல பாரிஸ்ல ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னாடி, தேங்கின தண்ணியை ஒரு மனுஷன் தாண்டிக் குதிக்கிறதை எடுத்தார். தேடிப் பாருங்க. தண்ணியில கிடக்கிற ஏணி, வளையம், பின்னாடி கம்பி வேலி, சுவத்து போஸ்டர்ல அதே மாதிரி துள்ளுற ஒரு நடனக்காரி, குதிக்கிற காலுக்குக் கீழ தலைகீழா இன்னொரு கால். மொத்தத்துல ஒரு குட்டைத் தண்ணிதான். நடவு முடிஞ்ச வாரத்துல நம்ம வயல் பூரா அதைவிடப் பெரிய கண்ணாடியாத்தான் கிடக்கு!

எனக்குக் கைவந்த நாலு விஷயத்தைச் சொல்றேன். போன் கேமரா செட்டிங்ஸ்ல ‘கிரிட்’னு ஒண்ணு இருக்கும். அதைப் போட்டா திரையில குறுக்கே ரெண்டு, நெடுக்கே ரெண்டு கோடு வரும். அடிவானத்தை ஏதாவது ஒரு குறுக்குக் கோட்டோட ஒட்டி வைங்க, வயல் சரிஞ்சு கொட்டுற மாதிரி இருக்காது. வரப்புல நின்னுகிட்டு எடுக்காம, குத்தவெச்சு உட்கார்ந்து எடுங்க. காலடியில ஆரம்பிக்கிற வரப்பு தூரத்துல இருக்கிற மோட்டார் கொட்டகை வரைக்கும் பார்க்கிறவன் கண்ணை இழுத்துகிட்டுப் போகும். உச்சி வெயில்ல எடுத்தா எல்லாம் தட்டையாத்தான் தெரியும். காலையில ஏழு மணி வாக்குல, இல்லேன்னா சாயங்காலம் அஞ்சுக்கு மேல சாய்வெயில்ல எடுங்க, ஒவ்வொரு வரப்புக்கும் ஒரு நிழல் விழும். கோலத்தைப் பக்கத்துல நின்னு எடுத்தா வட்டம் முட்டையாயிடும். திண்ணை மேல ஏறி நேரா கீழ பார்த்து எடுங்க. மனுஷங்களை எடுத்தா தலையிலேருந்து தென்னைமரம் முளைக்காத மாதிரி ரெண்டு எட்டு தள்ளி நில்லுங்க. அவ்வளவுதான்.

இனிமேதான் விஷயமே இருக்கு. வயல்ல இருக்கிற எந்தக் கோடும் சும்மா வந்ததில்ல.

எங்க டெல்டா பக்கம் நடவு வயலைப் படம் எடுத்தீங்கன்னா, பச்சைக்கு நடுவுல எட்டடிக்கு ஒரு தடவை ஓரடி அகலத்துக்கு ஒரு சந்து ஓடுறது தெரியும். பார்க்க அம்சமா இருக்கும். நாங்க அதைப் பட்டம் விடுறதுன்னு சொல்லுவோம். பயிர் நெருக்கமா இருந்தா தூர்ல காத்தும் வெளிச்சமும் போகாது, புகையான் பூச்சி அடைஞ்சுடும். அதுக்காக விட்ட சந்து அது. இன்னொரு வயல்ல, எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் சதுரம் சதுரமா பயிர் நிக்கும். திருந்திய நெல் சாகுபடி. 25 செ.மீ.க்கு ஒரு குத்து, குத்துக்கு ஒரு நாத்து. களை எடுக்கிற கோனோவீடரை நெடுக்கவும் குறுக்கவும் தள்ளிட்டுப் போகத்தான் அந்தச் சதுரம். இந்த முறையை மடகாஸ்கர்ல 1980-கள்ல உருவாக்கினவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்.

தென்னந்தோப்புல நின்னா சில தோப்பு நேர்வரிசையா தெரியும், சில தோப்பு கலைஞ்ச மாதிரி தெரியும். நாலடி நகர்ந்து பாருங்க, அதுவும் வரிசையாயிடும். அது முக்கோண நடவு. மரத்துக்கு மரம் அதே 25 அடி விட்டாலும், சதுரத்துக்குப் பதிலா முக்கோணமா வெச்சா அதே நிலத்துல கிட்டத்தட்ட 15 சதவீதம் மரம் கூடுதலா நிக்கும். கோலத்துக்குள்ளேயும் கணக்குதான். கிஃப்ட் சிரோமணியும் அவரோட ஆய்வாளர்களும் 1970-கள்லயே நம்ம கோலத்தை வெச்சுக் கணினி இலக்கணம் எழுதியிருக்காங்க. வாசத்தெளிச்சுப் புள்ளி வைக்கிற எங்க அத்தைக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா ஒரு புள்ளி தப்பினா அவங்களுக்குத் தெரியும்.

போன ஐப்பசியில ஒரு காலேஜ் பையன் நடவைப் படம் எடுக்கணும்னு வந்தான். நட்டுகிட்டிருந்த அக்கா ஒருத்தவங்க நிமிர்ந்து என்கிட்ட கேட்டாங்க: “ஏன் தம்பி, அந்தப் புள்ள எங்க முதுகையே சுத்திச் சுத்தி எடுக்குதே, நட்ட வரிசைய ஒரு படம் எடுக்கச் சொல்லேன். கயிறு புடிச்ச மாதிரி இல்ல இருக்கு!”

இதுக்கு மேல நான் என்ன சொல்ல? அவங்க காட்ட நினைச்சது அவங்க கைவேலைய. நாம காட்ட நினைக்கிறது அவங்க கஷ்டத்த. சேறும் வியர்வையும் பொய்யில்ல, ஆனா அதை மட்டுமே எடுத்தா கிராமத்தான்னா பாவப்பட்டவன்னு ஆயிடும். வரிசையை எடுத்தா வேலை தெரிஞ்சவன்னு ஆகும். இந்த வித்தியாசம் சின்னதில்ல.

எனக்கே இந்தப் பழக்கத்தால பலன் உண்டு. மோட்டார் கொட்டகை மாடியிலேருந்து வாரம் ஒரு படம் ஒரே இடத்துல நின்னு எடுக்கிறேன். ஒரு தடவை பயிருக்கு நடுவுல வெளிறின பட்டை ஒண்ணு வடக்கு தெற்கா ஓடினது படத்துலதான் தெரிஞ்சது. வயல்ல இறங்கி நின்னா தெரியல. போய்ப் பார்த்தா அந்த இடம் மட்டும் மேடு, தண்ணி ஏறி நிக்கல. அறுவடைக்கு அப்புறம் மண்ணைச் சமப்படுத்தினோம்.

இப்ப ஒரு எச்சரிக்கை. கோடு அழகாங்கிறதை மட்டும் பார்த்தா போதாது. என் மச்சான் மகன் இந்தப் பொங்கலுக்கு ஒரு படம் எடுத்தான். புல்தரைக்கு நடுவுல மஞ்சள் பெயின்ட் அடிச்ச கல்லுங்க, ஒரே சீரா, ஒரு வேப்பமரம் வரைக்கும் போகுது. சாய்வெயில், நீள நிழல். நான் மேல சொன்ன அத்தனையும் அதுல இருக்கு. எல்லாரும் இதயம் இதயமா போட்டுத் தள்ளினாங்க.

அது மனைக்கல்லு. நாலு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும் அங்க நெல்லு விளைஞ்சது. அந்தப் புல்லுக்கு அடியில ஒரு கிளை வாய்க்கால் இருந்தது. வாய்க்கால் நேராப் போகாது. தண்ணிக்குப் பள்ளம் தெரியும், அது பார்த்து வளைஞ்சு போகும். நேர்கோடு போடணும்னு அந்த வளைவைத் தூர்த்துட்டாங்க. இப்ப அதுக்குக் கீழ இருக்கிற வயலுங்களுக்கு மழைக்காலத்துல தண்ணி வடியறதில்ல, பாய்ச்சல் நேரத்துல வந்து சேர்றதில்ல. பையன் மேல தப்பில்ல, அவன் கண்ணுக்குக் கோடு அழகா இருந்தது, எடுத்தான். நான் போன் பண்ணி இந்தக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, “மாமா, பழைய வாய்க்கால் படம் ஏதாவது இருக்கா?”ன்னு கேட்டான்.

யார்கிட்டயும் இல்ல. வீட்டுக்கு வீடு கல்யாண ஆல்பம் இருக்கு, அந்த வாய்க்கால் ஒரு படத்துல கூட இல்ல. வளைவு எங்க இருந்ததுன்னு வாயால சொன்னா யாரு நம்புவாங்க?

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை உங்க ஊருக்குப் போறப்போ பத்து செல்ஃபி எடுங்க, வேண்டாம்னு சொல்லல. கூடவே ஒரு வாய்க்கால், ஒரு வரப்பு, ஒரு ஏரிக்கரை எடுங்க. கோட்டை எடுக்கிறப்போ பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட, “இதை யாரு போட்டது, எதுக்குப் போட்டது?”ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. பதிலை மறக்காம படத்துக்குக் கீழ எழுதி வைங்க, தேதியோட.