பெமுல்வோயின் தலை இன்னும் ஊர் திரும்பவில்லை

மாண்புமிகு வேல்ஸ் இளவரசர் வில்லியம் அவர்களுக்கு,

2010 ஜனவரியில் நீங்கள் சிட்னி ரெட்ஃபர்னுக்கு வந்தபோது பூர்வகுடி மூத்தோர் உங்களிடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். 1802இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட, பூர்வகுடிப் போராளி பெமுல்வோயின் தலையை மீட்டுத் தாருங்கள் என்று கேட்டார்கள். நீங்கள் உதவுவீர்கள் என்று இங்கே செய்தியும் வந்தது. ஆண்டுகள் பல ஓடிவிட்டன, தலை வந்து சேரவில்லை.

நான் சிட்னியின் மேற்கே துங்காபியில் வசிக்கும் இலங்கைத் தமிழன். துங்காபி, பென்டில் ஹில், வென்ட்வொர்த்வில் எல்லாம் இன்று எங்கள் சனம் நிறைந்த ஊர்கள். அருகிலேயே பெமுல்வோய் என்ற பெயரில் ஒரு குடியிருப்பும் உண்டு. நாங்கள் வீடு வாங்கிப் பிள்ளைகளை வளர்க்கும் இந்த மண்ணுக்காகப் போராடிய மனிதரின் பெயர் அது. அதனால் இந்தக் கோரிக்கையில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

1788 ஜனவரியில் ஆளுநர் ஆர்தர் ஃபிலிப் 11 கப்பல்களில் கைதிகளோடும் படையினரோடும் வந்திறங்கினார். மறு ஆண்டே பெரியம்மை பரவியது. தம் மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துவிட்டதாகப் பூர்வகுடியினரான பெனலாங் ஆளுநரிடம் சொன்னார். எஞ்சியவர்கள் கிழங்கு அகழ்ந்த ஆற்றங்கரைகள் சோள வயல்களாயின.

1790 டிசம்பரில் ஆளுநரின் வேட்டைக்காரர் ஜான் மெக்கின்டயர்மீது பிஜிகல் குலத்தவரான பெமுல்வோய் ஈட்டி எறிந்தார். மெக்கின்டயரை அம்மக்கள் ஏற்கெனவே அஞ்சி வெறுத்தார்கள் என்பதைப் படை அதிகாரி வாட்கின் டென்ச்சே எழுதி வைத்திருக்கிறார். ஃபிலிப் டென்ச்சுக்கு இட்ட ஆணையை ஒருமுறை படித்துப் பாருங்கள். இருவரைச் சிறைபிடிக்க வேண்டும், பத்துப் பேரைக் கொல்ல வேண்டும், கொன்றவர்களின் தலைகளை வெட்டிக் கொண்டுவர வேண்டும். அதற்காகக் கோடரிகளும் பைகளும் தரப்படும். யார் எறிந்தார் என்று தெரிந்திருந்தும், எவராக இருந்தாலும் பத்துப் பேர்! டென்ச் வாதாடி அந்த எண்ணிக்கையை ஆறாகக் குறைத்தார். படை போனது, ஒருவரும் அகப்படாமல் திரும்பி வந்தது. தலையை வெட்டிப் பையில் போட்டு வரும் எண்ணம் குடியேற்றத்தின் மூன்றாம் ஆண்டிலேயே அரசாணையாக இருந்தது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1797இல் துங்காபி அரசுப் பண்ணையை பெமுல்வோய் தாக்கினார். அடுத்து பரமட்டாவில் நடந்த மோதலில் அவர் உடலில் ஏழு ரவைகள் பாய்ந்தன. மருத்துவமனையில் காலில் விலங்கு பூட்டி வைத்திருந்தார்கள். உடல் தேறியதும் அந்த விலங்கோடே தப்பிப் போனார். மேலும் ஐந்து ஆண்டுகள் போராடி, 1802 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆளுநர் கிங் அவருடைய தலையைச் சாராயத்தில் பதப்படுத்தி, லண்டனில் இருந்த இயற்கை ஆய்வாளர் சர் ஜோசப் பாங்ஸுக்கு அனுப்பினார். குடியேற்றத்துக்குப் பெருந்தொல்லையாக இருந்தவர், ஆனாலும் வீரமும் சுதந்திர உணர்வும் உள்ளவர் என்று அவரைப் பற்றி எழுதியதும் அதே கிங்தான். இத்தனையும் உங்கள் முன்னோர் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் பெயரால் நடந்தது.

அதன்பின் தலை எங்கே போனது என்பதற்குத் தெளிவான தடயம் கிடைக்கவில்லை. 'கிடைக்கவில்லை' என்பதோடு விஷயத்தை முடித்துவிடக் கூடாது என்பதற்கே எழுதுகிறேன். மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் பூர்வகுடி வீரர் யாகனின் தலை 1833இல் இங்கிலாந்து போய், லிவர்பூல் அருங்காட்சியகத்தில் இருந்து, 1964இல் எவர்டன் இடுகாட்டில் புதைக்கப்பட்டது. பதிவேடுகளைப் புரட்டி அந்தக் குழியைக் கண்டுபிடித்தார்கள். அதன்மேல் பச்சிளங் குழந்தைகளின் உடல்கள் புதைக்கப்பட்டிருந்தன. அவற்றைக் கலைக்கக் கூடாதென்று பக்கவாட்டில் சுரங்கம்போல் தோண்டி எடுத்தார்கள். 1997இல் யாகன் தம் நாட்டுக்குத் திரும்பினார். அவ்வளவு பொறுமையாகத் தேடவும், அவ்வளவு மரியாதையோடு தோண்டவும் மனிதர்களால் முடிந்திருக்கிறது. எங்கள் தீவிலும் 1818இல் ஊவாக் கிளர்ச்சியை நடத்திய கெப்பெட்டிபொலவின் மண்டையோடு எடின்பரோவுக்குப் போய், பின்னர் கண்டிக்குத் திரும்பியது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் பெயரில், பிஜிகல் வழித்தோன்றல்களும் சிட்னிப் பகுதிப் பூர்வகுடிகளான தாருக் மக்களும் சேர்ந்து நடத்தும் முழுமையான ஒரு தேடலைத் தொடங்குங்கள். பாங்ஸ் தம்மிடம் வந்த மண்டையோடுகளைப் பலருக்கும் கொடுத்தவர். ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த அறிஞர் புளூமன்பாக்குக்கும் அவர் அனுப்பியிருக்கிறார். எனவே லண்டனோடு தேடலை நிறுத்தக் கூடாது. லண்டன் அறுவைச் சிகிச்சையாளர் கல்லூரியின் சேகரிப்பில் பெரும்பகுதி 1941 குண்டுவீச்சில் அழிந்தது. பெமுல்வோயின் தலையும் அங்கே எரிந்திருக்கலாம் என்று முடிவானால், எந்த ஆவணத்தை வைத்து அப்படிச் சொல்கிறார்கள் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அடையாளம் தெரியாத மண்டையோடு ஏதேனும் மிஞ்சியிருந்தால், சோதிக்கலாமா வேண்டாமா என்பதை அந்த மக்களே தீர்மானிக்கட்டும். பதிலையும் எனக்கு எழுத வேண்டாம், அவர்களுக்கே நேரடியாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
துங்காபி வாசி ஒருவன்