செம்பட்டிப் பிள்ளைகளின் ரீல்ஸை யார் யாரோ பார்க்கிறார்கள்

செம்பட்டி பஸ் ஸ்டாண்டில் வத்தலக்குண்டு பஸ்ஸுக்கோ ஒட்டன்சத்திரம் பஸ்ஸுக்கோ நிற்கும்போது, பக்கத்தில் இருப்பவரின் செல்போனில் ரீல்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். சினிமா முகங்களுக்கு நடுவே நம்மூர் முகங்களும் வந்து போகும். ஆத்தூர் காமராஜர் அணைக்கரையில் தோழிகளோடு ஆடும் கல்லூரிப் பெண், பூப்பறித்தபடியே பாட்டுக்கு வாயசைக்கும் அக்கா, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற வழியில் சாலையோரம் அசந்து தூங்கும் பெண்கள். முதல் இரண்டும் அவர்களே விரும்பிப் போட்டவை. மூன்றாவது எடுக்கப்பட்டதே அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஆனால் தங்களை யார் யார் பார்த்தார்கள் என்பது இவர்களில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

இன்ஸ்டாகிராமில் ஸ்டோரி போட்டால் பார்த்தவர்களின் பெயர் வரும். ரீல்ஸ் போட்டால் எண்ணிக்கை மட்டும்தான். யூடியூபிலும் அப்படியே. வாட்ஸ்அப்பில் நீல டிக்கை நிறுத்தி வைத்திருப்பவர் உங்கள் ஸ்டேட்டஸைப் பார்த்தாலும் உங்களுக்குத் தெரியாது. ஒளிந்து பார்ப்பவருக்கு இத்தனை வசதி. பார்க்கப்படுபவருக்கோ, செட்டிங்ஸுக்குள் அடுக்கடுக்காகத் தேடிப்போனால் கிடைக்கும் சில பொத்தான்கள். அங்கே எழுதியிருக்கும் தமிழ் படித்தவர்களுக்கே சட்டென்று விளங்குவதில்லை.

பதினெட்டு வயது தாண்டியவர் இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கினால், அவராக மாற்றாத வரை அது பப்ளிக்தான். 2023 கடைசியிலிருந்து பப்ளிக் கணக்கின் ரீல்ஸை யார் வேண்டுமானாலும் போனில் இறக்கிக்கொள்ள முடிகிறது. வேண்டாம் என்றால் போட்டவர்தான் தனியாகப் போய்த் தடுக்க வேண்டும். இறக்கிய வீடியோ வாட்ஸ்அப் குரூப்புகளுக்குப் போன பிறகு கணக்கைப் பிரைவேட் ஆக்கி என்ன பயன்? பதின்வயதினரின் கணக்குகள் தொடக்கத்திலேயே பிரைவேட்டாக இருக்கும் ஏற்பாடு 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வயதைக் கூட்டிப் போடும் பிள்ளையையும் அண்ணன் கணக்கில் வீடியோ போடும் தங்கையையும் அது எப்படிக் காக்கும்?

இது நம் பக்கத்து நீதிமன்றம் எப்போதோ பேசிய விஷயம். 2019 ஏப்ரல் 3 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை டிக்டாக்குக்கு இடைக்காலத் தடை விதித்தது. நீதிபதிகள் என்.கிருபாகரனும் எஸ்.எஸ்.சுந்தரும், விளையாட்டுக்கு ஒருவரை அதிர்ச்சியடைய வைத்துப் படம்பிடித்துக் கேலிப்பொருளாக்குவது தனியுரிமை மீறல் என்றார்கள். குழந்தைகளின் இணையத் தனியுரிமையைக் காக்க அமெரிக்காவில் இருப்பது போன்ற சட்டம் இங்கே வருமா என்றும் மத்திய அரசைக் கேட்டார்கள். அந்தத் தடை அதே மாதம் 24ஆம் தேதி விலகியது. 2020 ஜூனில் மத்திய அரசு டிக்டாக்கை மொத்தமாக நிறுத்தியது. அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. செயலிதான் மாறியது, கதவு திறந்தபடியே கிடந்தது.

நீதிபதிகள் கேட்ட சட்டத்தின் கதி இது: தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. குழந்தைகள் விஷயத்தில் நிறுவனங்களுக்கு உள்ள கடமைகள் அமலுக்கு வர அதற்குப் பிறகு 18 மாதம். இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒருவர் தானே பொதுவில் வைத்த தகவலுக்கு அது பொருந்தாது. அப்படியானால் பப்ளிக், பிரைவேட் என்ற அந்த ஒரு பொத்தானில் சட்டப் பாதுகாப்பே அடங்கிவிடுகிறது. எல்லா வயதினருக்கும் கணக்கு பிரைவேட்டாகத் திறக்கட்டும், வேண்டுபவர் பப்ளிக்காக மாற்றிக்கொள்ளட்டும் என்று அரசு விதி செய்யாமல் இருப்பதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வீடியோ பரவிவிட்டால் என்ன நடக்கும்? அந்தரங்கப் படங்கள் பற்றிப் புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021இன் தகவல் தொழில்நுட்ப விதிகள் சொல்லின. ஆனால் 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர், தன் வீடியோக்களை நீக்க வைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 48 மணி நேரத்தில் நீக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகும் அவை வேறு வேறு தளங்களில் முளைத்தன. சட்டம் படித்தவருக்கே இந்தப் பாடு என்றால், சின்னாளபட்டியில் தறி நெய்பவரின் மகள் எங்கே போவாள்?

அவள் முதலில் போவது பக்கத்துக் காவல் நிலையத்துக்குத்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆம் பிரிவுப்படி, அந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளை இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாதவர்தான் விசாரிக்க முடியும். அதனால் ஊர்ப்புறங்களில் இப்படிப் புகார் கொண்டுபோகிறவர்களை மாவட்டத் தலைநகருக்குப் போகச் சொல்வதுண்டு. ஆனால் விசாரிக்கும் தகுதி வேறு, புகாரைப் பதிவு செய்வது வேறு. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஒளிந்து படமெடுத்தது, பின்தொடர்ந்து தொல்லை தந்தது பற்றிப் பெண் சொல்வதைப் பெண் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. தெரியாத ஊருக்கு ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டுப் போக முடியாமல், அவமானத்துக்குப் பயந்து வீட்டோடு முடங்கும் குடும்பங்களை, பக்கத்து நிலையத்திலேயே புகாரைப் பதிவு செய்யும் மாற்றம் ஒன்றே வெளியே கொண்டுவரும்.

ஆத்தூர் தாலுகாவின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் இதற்கென்று பயிற்சி பெற்ற பெண் காவலர் ஒருவர் வேண்டும். அரசுப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே, மாணவர்கள் கையில் போனோடு உட்கார்ந்து கணக்கைப் பிரைவேட் ஆக்கவும், இறக்குவதைத் தடுக்கவும், புகார் அனுப்பவும் செய்து பழகும் வகுப்பு ஒன்று வேண்டும், தாய்மாரையும் அழைத்து. செட்டிங்ஸ் பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும் என்று மாநில அரசு அந்த நிறுவனங்களைக் கேட்க வேண்டும். சுற்று வட்டார ஊராட்சிகள் வருகிற கிராம சபையிலேயே இதைத் தீர்மானமாகப் போடலாம். பெற்றோர் அதே கோரிக்கையை எழுதி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் திண்டுக்கல் கலெக்டர் கையில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.