வென்றது சாதி அரசியலா, படைப்புத் திறமா?

நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே கடலை ஒட்டிக் கிடக்கும் காரைக்கால், ஆட்சிமுறையில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. 1739-இல் பிரெஞ்சியர் கைக்குப் போய், 1954-இல் அவர்தம் ஆட்சியினின்று விடுபட்ட அம்மண்ணுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே இன்றும் ஓர் எல்லைக்கோடு உண்டு. அக்கோடு தமிழைத் தடுப்பதில்லை. தமிழ்த் திரைப்படத்தைத் தடுப்பதில்லை. தமிழனைப் பற்றிய சாதி நோயையும் தடுப்பதில்லை. சென்னையில் எழும் வழக்கு எதுவாயினும் மறுநாளே காரைக்கால் தேநீர்க் கடைக்கும் வந்து சேர்ந்துவிடுகின்றது.

அவ்வாறு வந்து இன்னும் ஓயாத வழக்கொன்று உண்டு. ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்தோர் தம் வாழ்வைத் தாமே படமாக்கி வெல்லும்பொழுது, அவ்வெற்றிக்குக் கரணியம் படைப்பின் திறமா, அதன் பின்னுள்ள பண்பாட்டு அரசியலா என்பதே அது. "சாதியைச் சொல்லிக் கூட்டம் சேர்த்தனர்" என்பர் ஒரு சாரார். "படம் நன்று, ஓடிற்று, இதில் அரசியல் ஏது?" என்பர் மறு சாரார். முன்னவர் கூற்று பொய். பின்னவர் கூற்று அரை உண்மை.

2018 செபுதம்பர் 28-இல் வெளிவந்தது 'பரியேறும் பெருமாள்'. மாரி செல்வராசு இயக்கிய முதற்படம் அது, பா. இரஞ்சித்தின் 'நீலம்' நிறுவனம் ஆக்கியது. கட்டவுருவம் வைத்துப் பாலூற்றத்தக்க பெருநடிகர் எவரும் அதில் இலர். நெல்லைச் சட்டக் கல்லூரிக்குப் படிக்கச் செல்லும் ஒரு சிற்றூர் இளைஞனின் வாழ்வே கதை. அவன் வளர்த்த 'கருப்பி' என்னும் நாய் இருப்புப் பாதையிற் கட்டப்பட்டு மாய்கின்றது. பெண்வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞராகிய அவன் தந்தை, தெருவில் ஆடை களையப்பட்டு ஓடுகின்றார். அத்தனையும் பட்ட பின்னும் அவன் அரிவாள் தூக்கவில்லை. தன்னை இழித்தவரை நோக்கி ஒரு வினாவை எழுப்பி நிற்கின்றான். இரு தேநீர்க் குவளைகளும் அவற்றிடையே ஒரு பூவுமாகப் படம் முடிகின்றது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி பட்டியல் சாதியினர் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 20 பேர். புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் ஏறக்குறைய 16 பேர். அவர்களுள்ளும் திரையரங்குச் சீட்டுக்குப் பணம் செலவிட வல்லார் எத்தனை பேர்? சாதிக் கூட்டத்தால் மட்டுமே அப்படம் ஓடிற்று என்பார் கணக்கும் அறியார், கலையும் அறியார். கண்டவர் காணாதவர்க்குச் சொன்ன வாய்ச்சொல்லே அப்படத்தை வளர்த்தது.

அரசியல் மட்டுமே வெற்றி தருமெனின், அதே ஆண்டு சூன் 7-இல் வந்த 'காலா' அதனினும் பன்மடங்கு வென்றிருத்தல் வேண்டும். அதுவும் இரஞ்சித்து இயக்கியதே, நில உரிமை அரசியலை அதனினும் உரத்துப் பேசியதே, இரசினிகாந்து நடித்ததே. ஆயினும், அவ்விருவரும் 2016-இல் தந்த 'கபாலி' ஈட்டிய வருவாயை அது எட்டவில்லை. படம் வருமுன் நடந்தது என்ன? மே 22-இல் தூத்துக்குடியில் மண்ணுக்காகவும் மூச்சுக்காற்றுக்காகவும் போராடிய மக்கள்மேல் துமுக்கிச் சூடு நடந்து, 13 உயிர்கள் வீழ்ந்தன. மே 30-இல் அங்குச் சென்ற அந்நடிகர், குமுகப் பகைவர் ஊடுருவினர் என்றும், எதற்கெடுத்தாலும் போராட்டமென்றால் தமிழ்நாடே சுடுகாடாகும் என்றும் பேசினார். திரையில் போராடு என்பதும் தெருவில் போராடாதே என்பதும் மக்கள் செவியில் ஒட்டவில்லை. வாழ்வில் வேரில்லாத அரசியல் படத்துக்குத் துணையாகாது, சுமையே ஆகும்.

கடல்கடந்த நாட்டிலும் இவ்வுண்மையே விளங்குகின்றது. 2018 பிப்பிரவரியில் கறுப்பின இயக்குநர் இரையான் கூக்ளர், பெரும்பாலும் கறுப்பின நடிகரைக் கொண்டு உருவாக்கிய 'பிளாக் பாந்தர்' என்னும் கருஞ்சிறுத்தைப் படம் உலகெங்கும் 130 கோடித் தாலருக்கு மேல் ஈட்டியது. அமெரிக்காவில் நூற்றுக்கு ஏறக்குறைய 13 பேராக உள்ள கறுப்பினத்தார் மட்டுமே அத்தொகையைத் தந்திருக்க இயலுமா? அடுத்த திங்களே, அதே திசுனி நிறுவனம், ஏவா துவர்னே என்னும் கறுப்பினப் பெண் இயக்கி, ஒரு கறுப்பினச் சிறுமியை முதன்மையாகக் கொண்ட 'எ ரிங்கிள் இன் டைம்' படத்தை 10 கோடித் தாலருக்குக் குறையாது செலவிட்டு வெளியிட்டது. அது இழப்பில் முடிந்தது. இனமும் நிறுவனமும் ஒத்திருந்தும் பயன் வேறாயிற்று.

ஆகவே திறம் ஒன்றே போதும் என்று மறு சாரார் மகிழ்தல் வேண்டா. அவர்தம் கூற்றின் மறுபாதியில் ஒரு பெரும் பொய் பதுங்கியுள்ளது. 1990-களின் தொடக்கத்தில் 'சின்னக் கவுண்டர்' ஓடியது. 'தேவர் மகன்' ஓடியது. சாதிப் பெயரைத் தலைப்பிலேயே சுமந்த அப்படங்கள் வென்றபொழுது, "இது சாதி அரசியலா, கலைத் திறமா?" என்று எந்தத் தேநீர்க் கடையிலும் எவனும் வினவவில்லை. ஆண்டசாதி தன் மீசையை முறுக்கினால் அது கலை. ஒடுக்கப்பட்டவன் தன் முதுகுத் தழும்பைக் காட்டினால் அது அரசியல்! இவ்வினாவை ஒருவனிடம் மட்டும் எழுப்புவதே சாதி அரசியல் என்க.

காரைக்காலினின்று நாகை வழியே சென்றால் தொலைவன்று கீழ்வெண்மணி. 1968 திசம்பர் 25 இரவில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் அங்கே ஒரே குடிசையில் எரிக்கப்பட்டனர். அத்தீயினின்று பிறந்த இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' புதினத்தைத் தழுவி, 1983-இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' வந்தது. அதன் இயக்குநர் முதற்படத்துக்குரிய நாட்டு விருதையும் பெற்றார். ஆனால், அந்நிகழ்ச்சியை நினைவூட்டும் குடிசைத் தீ, பூமணியின் 'வெக்கை'யைத் தழுவிய வெற்றிமாறனின் 'அசுரன்' வழியே பெருந்திரளான மக்களின் கண்முன் எரிந்தது 2019-இல். இடையே கழிந்தவை 51 ஆண்டுகள். அவ்வாண்டுகளில் திறமுடையார் தமிழ்நாட்டில் இல்லாமற் போயினரா? இல்லை. கேட்கும் செவிதான் இல்லை. அச்செவியைத் திறந்தவை ஒடுக்கப்பட்டோர் நடத்திய போராட்டங்களும், அவர்தம் எழுத்துகளும், சாதியொழிப்பு இயக்கங்களுமே.

காவிரியின் கடைமடையில் வாழும் காரைக்கால் உழவனுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நீர் வந்தால் மட்டும் விளைந்துவிடாது. விதை நன்றாதல் வேண்டும். விதை மட்டும் நன்றாயின், வறண்ட நிலத்தில் அது முளைப்பதில்லை. அரசியல் நீர், திறம் விதை. இரண்டிலொன்றை மறுப்பவன் விளைச்சலைக் காணான்.

படைப்பாளர்க்கும் ஒரு சொல் உண்டு. 'பரியேறும் பெருமாள்' என்றும் 'வாழை' என்றும் மண்மணம் கமழப் பெயரிடத் தெரிந்தவர்கள், 'காலா' என்று வடபுலச் சொல்லையும் 'பைசன்' என்று ஆங்கிலத்தையும் நாடுவானேன்? 2006-இல் தமிழ்நாட்டரசு தமிழ்ப் பெயருடைய படங்களுக்குக் கேளிக்கை வரிவிலக்கு அளித்தபொழுது, வரிக்கு அஞ்சிப் பெயர்ப்பலகையை மாற்றினர், உள்ளீட்டை மாற்றினாரிலர். அவ்வாணை காரைக்கால் எல்லையில் நின்றுவிட்டது. ஆணைக்காக வரும் தமிழ் ஆணையோடு நிற்கும். உணர்வால் வரும் தமிழுக்கு எல்லையில்லை.

திரையரங்கின் இருளில் ஊரும் சேரியும் இரண்டரை மணிநேரம் தோளுரசி அமர்கின்றன. ஒரே துயருக்குக் கண்ணீர் விடுகின்றன. விளக்கெரிந்ததும் ஊரான் ஊருக்கும் சேரியான் சேரிக்கும் பிரிந்து போகின்றனர். சாவிலும் சுடுகாடு இரண்டாகவே இருக்கின்றது. மொழியால் ஓரினம் என்போர் முதலில் விடை காண வேண்டியது இப்பிரிவுக்கே. இருளில் ஒன்றான தமிழர் வெளிச்சத்திலும் ஒன்றாகும் நாளே தமிழினம் வென்ற நாள். அந்நாள்வரை படங்கள் மட்டுமே வென்றுகொண்டிருக்கும்.