யாருடைய தாமதத்தை மன்னிப்பது?

முகையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் நில வழக்கில் தோற்றால், சார்பு நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம். சென்னை உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்களைச் சட்டமே கழித்துக்கொள்கிறது. தீர்ப்பு வந்ததையே கட்சிக்காரரிடம் சொல்லாத வக்கீலால் வீணாகும் நாட்களை யார் கழிப்பது?

அதற்குத்தான் 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தில் 5-ஆம் பிரிவு இருக்கிறது. 'போதிய காரணம்' காட்டினால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். எது போதிய காரணம் என்பது நீதிபதியின் முடிவு.

இதில் வழிகாட்டும் தீர்ப்பு தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 1998-இல் வந்தது. சொத்து வழக்கில் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. அதை நீக்கக் கேட்ட மனுவும் தள்ளுபடி. வக்கீல் எதையும் தெரிவிக்காததால், கட்சிக்காரர் மறுபடி நீதிமன்றம் வந்தபோது 883 நாள் கடந்திருந்தது. விசாரணை நீதிமன்றம் மன்னித்தது, உயர் நீதிமன்றம் மறுத்தது. எத்தனை நாள் என்பதைவிடக் காரணம் நம்பத்தக்கதா என்பதே முக்கியம் என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் அவருக்குக் கதவைத் திறந்தது. காத்திருந்த எதிர்த்தரப்புக்கு 10,000 ரூபாய் தரவும் உத்தரவிட்டது. நியாயம் இரு பக்கமும் சேர்ந்த தீர்ப்பு அது.

இதே கருணையை அரசுத் துறைகள் உரிமையாகக் கேட்பதை ஏற்க முடியாது. துறைக்கு வக்கீல்கள் உண்டு, சட்டப் பிரிவு உண்டு. கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்பது காரணமே ஆகாது. 2012-இல் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை உச்ச நீதிமன்றம் மன்னிக்க மறுத்தது. 2020-இல் மத்தியப் பிரதேச அரசு 663 நாள் கழித்து வந்தபோது 25,000 ரூபாய் செலவுத்தொகை விதித்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமே வசூலிக்கச் சொன்னது. அப்படியும் கர்நாடக வீட்டு வசதி வாரியத்தின் 3,966 நாள் தாமதத்தை அம்மாநில உயர் நீதிமன்றம் மன்னித்தது. 2025-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. வாரியத்துக்கு எதிரான வழக்கில் வென்ற குடும்பம் அதுவரை தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு காத்துக் கிடந்தது.

ஏழை என்பதற்காக எல்லாத் தாமதமும் மன்னிக்கத் தக்கதாகிவிடாது. நிலம் இழந்த ஒருவரின் வாரிசுகள் 5,659 நாள் கழித்து வந்ததை 2024-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, அது சரியே. ஆனால் வக்கீலை நம்பி ஏமாந்தவரையும், கோப்பை உறங்கவிட்ட துறையையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. அரசின் தாமதம் மன்னிக்கப்படும் அபூர்வ வழக்கிலும், செலவுத்தொகை எதிர்த்தரப்பின் கைக்கே போய்ச் சேர வேண்டும். தாமத மனுவே ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்காதபடி, அதை முடிக்கக் காலக்கெடு வைக்க வேண்டும்.

வழக்கு நடத்துவோர் தீர்ப்பு வந்த அன்றே நகலுக்கு மனு போட்டுவிட வேண்டும். வக்கீல் பதில் சொல்லாவிட்டால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.