நிலப்படம் யார் கையில்?

"பையன் ஜி.ஐ.எஸ். படிக்கப் போகிறேன் என்கிறான். அதென்ன படிப்பு? சோறு போடுமா?" என்று ஆலைத் தோழர் ஒருவர் நம்மிடம் கேட்டார். கேலி அல்ல, கவலை! வயிற்றைக் கட்டி மகனைப் படிக்கவைப்பவர் கேட்காமல் வேறு யார் கேட்பது?

புவியியல் தகவல் முறைமை! பெயர் மிரட்டுகிறது, பொருள் எளிது. ஊரின் தெருக்களை ஒரு கண்ணாடித்தாளில் வரைகிறோம். சாக்கடைகளை மற்றொன்றில், மேடு பள்ளங்களை வேறொன்றில், குடிசைகளை இன்னொன்றில். நான்கையும் அடுக்கிப் பார்த்தால், மழை கொட்டும்போது எந்தக் குடிசையில் வெள்ளம் புகும் என்பது தெரிகிறது. அடுக்குவது கணினி; எதை அடுக்குவது, எதை விடுவது என்று தீர்மானிப்பவன் மனிதன். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது!

கென்யாவின் தலைநகர் நைரோபியிலே கிபேரா என்றொரு பெருஞ்சேரி. இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் இடம், நிலப்படத்திலோ வெற்றிடம்! 2009-ல் அந்தச் சேரியின் இளைஞர்களே கருவியேந்திச் சந்து சந்தாக நடந்தார்கள். தண்ணீர்க் குழாயையும் மருத்துவ நிலையத்தையும் படத்தில் ஏற்றினார்கள். படம் வரைபவன் எங்கிருந்து வருகிறான் என்பது சின்ன விஷயமா?

நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியின் வேர், 1794-ல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளி. 1802-ல் பரங்கிமலை அருகே லாம்டன் அளந்த கோட்டிலிருந்து எழுந்தது இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவை. லாம்டன் பெயர் வரலாற்றில் இருக்கிறது. சங்கிலி சுமந்தவன் பெயர்? அதே கிண்டியில் புவித்தகவலியலுக்குப் பொறியியல் பட்டம் உண்டு. சுமந்தவன் பேரன் அங்கே நுழையட்டும் என்கிறோம்.

ஆனால் பெயரைக் கண்டு மயங்கவேண்டாம். பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். நில அளவை, புள்ளியியல், செயற்கைக்கோள் படங்களைப் படித்தறியும் தொலையுணர்வு, கணினி நிரல் எழுதுதல் இவையெல்லாம் உண்டா? அல்லது ஒரு கம்பெனியின் மென்பொருளில் பொத்தான் அழுத்தக் கற்றுக்கொடுத்துக் கட்டணம் கறப்பதோடு சரியா? பொத்தானை வீட்டிலேயே பழகலாமே! கியூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது.

இடம் கிடைக்காவிட்டாலும் குடி முழுகிவிடாது. புவியியலோ, கட்டடப் பொறியியலோ, கணினியோ படித்துவிட்டு முதுகலையில் இதற்கு வரலாம். ஒன்று மட்டும் எச்சரிக்கை: அரசு வேலைதான் குறி என்றால், பழைய விளம்பரங்களை எடுத்து, அவை கேட்கும் பட்டத்தின் பெயரும் இந்தப் பட்டத்தின் பெயரும் ஒத்துப்போகின்றனவா என்று சேருமுன் பாருங்கள், சேர்ந்த பிறகல்ல.

பாடத்திட்டத்தோடு வரச்சொல்லியிருக்கிறோம் பையனை. ஞாயிறன்று தோழருக்கு விடுமுறை. மூவருமாக உட்கார்ந்து படிக்கப்போகிறோம்.