மொட்டைமாடியும் கணிப்பொறிப் படமும்

புது டில்லியின் லோதி ரோட்டில் செல்பவர் சற்றே தலையை உயர்த்திப் பார்த்தால், கூரை என்பது வெறும் மூடி அன்று என்பதை உணரலாம். ஜோசப் ஆலன் ஸ்டைன் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1993ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற இந்தியா ஹாபிடாட் சென்டரின் முற்றங்களுக்கு மேலே, வெயிலை மறைக்கும் தகடுகள் எஃகுச் சட்டகத்தின்மீது தங்கி நிற்கின்றன. எது எதைத் தாங்குகின்றது என்பது அங்கே வெளிப்படை. ஆனால் அருகிலுள்ள லோதி காலனியில், 1940களில் எழுந்த குடியிருப்புகளின் தட்டைக் கூரைகளைப் பார்ப்பவருக்கு அவற்றின் உள்ளமைப்புத் தெரிவதில்லை. பூச்சுக்குள் மறைந்திருப்பதை வெளிக்கொணர்ந்து காட்டுவதே வரைபடத்தின் முதற்கடமை. இக்கடமையை இன்றைய வீட்டு வடிவமைப்பு மென்பொருள்களும், அவற்றைக் கற்பிக்கும் முறையும் நிறைவேற்றுகின்றனவா என்பது ஆராயத்தக்க கேள்வியாகும்.

இம்மென்பொருள்களிற் பெரும்பாலானவற்றில் தட்டைக் கூரை வரைவது மிக எளிது. சுவர்களை எழுப்பி, கூரையின் சரிவைச் சுழியம் என்று குறித்துவிட்டால், ஒரே சீரான தடிப்புள்ள தட்டு ஒன்று வீட்டின்மேல் வந்து அமர்ந்துவிடும். சிலவற்றில் சட்டகத்தைத் தானே வரையும் வசதியும் உண்டு. ஆயின், அமெரிக்க வழக்கத்தைத் தழுவி, 16 அங்குல இடைவெளியில் மெல்லிய மரச் சட்டங்களை அது அடுக்கிவிடும். தமிழ்நாட்டுக் கொத்தனாரோ டில்லிக் கொத்தனாரோ அவ்வாறு கூரை அமைப்பதில்லை. ஆகவே மாணவன் காண்பது ஒன்று சட்டகமே இல்லாத கூரை. அன்றேல் அந்நிய நாட்டுச் சட்டகம்.

இந்நாட்டின் தட்டைக் கூரைகளோ பல வகையின. மெட்ராஸ் டெரஸ் என்று பெயர்பெற்ற பழைய மச்சில், தேக்குச் சட்டங்களின்மேல் சிறு செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளமிட்டு, ஓடு பதிப்பர். வட இந்தியப் பழைய வீடுகளில் இரும்பு உத்தரங்களின்மேல் கற்பலகைகளைப் பரப்புவது வழக்கம். 1947இல் தோன்றிய ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், முன்னரே வார்த்த கான்கிரீட் சட்டங்களையும் பலகைகளையும் கொண்டு கூரையிடும் முறையை வகுத்தது. கேரளத்தில் லாரி பேக்கர், இழுவிசையைத் தாங்க உதவாத அடிப்பகுதிக் கான்கிரீட்டில் ஒரு பகுதியை நீக்கி, அவ்விடத்தில் ஓடுகளை வைக்கும் சிக்கன முறையைப் பரப்பினார். திரையிலே இவையனைத்தும் ஒரே சாம்பல் நிறத் தட்டாகத் தோன்றுமானால், அப்படம் கற்பிப்பது யாது?

எடையைக் கருதினால் இதன் முக்கியத்துவம் விளங்கும். 12 சென்டிமீட்டர் தடிப்புள்ள கான்கிரீட் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோகிராம் எடையுள்ளது. மண் பரப்பிய கூரையோ 30 சென்டிமீட்டர் தடிப்பிலேயே அரை டன்னை எட்டிவிடும். 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் லாத்தூர்ப் பகுதியில் நிலம் நடுங்கியபோது, ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். கனத்த கல் சுவர்களும், மரத்தின்மேல் ஆண்டாண்டாக மண் சேர்த்துக் கனப்படுத்திய தட்டைக் கூரைகளும் உறங்கிக்கொண்டிருந்தவர்மீது சரிந்தமையே உயிர்ச்சேதத்துக்குப் பெருங்காரணம். வெளித்தோற்றத்தை மட்டும் காட்டும் படத்தில் இக்கனம் தெரியாது.

சட்டங்கள் செல்லும் திசையும் இத்தகையதே. 3 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உடைய அறையில், சட்டங்களை அகலவாட்டில் வைப்பதே முறை. அதே அளவுச் சட்டங்களை அதே இடைவெளியில் நீளவாட்டில் வைத்தால், வளைக்கும் விசை ஏறத்தாழ 2¾ மடங்காகும்; தொய்வோ 7½ மடங்கையும் கடந்துவிடும். மென்பொருள் இதைத் தடுப்பதில்லை, எச்சரிப்பதும் அரிது.

இனி, நீர். தட்டைக் கூரை என்று பெயரிருப்பினும் அது உண்மையில் தட்டையாக இருத்தல் கூடாது. நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேனும் சரிவு வேண்டும். 4 மீட்டர் நீளத்துக்கு 4 சென்டிமீட்டர் இறக்கம். இதன் அவசியத்தை லோதி ரோட்டிலேயே தலைமையகம் கொண்ட இந்திய வானிலைத் துறையின் கணக்கொன்று தெளிவாக்கும். 2024ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் டில்லி சப்தர்ஜங்கில் பெய்த மழை 228.1 மில்லிமீட்டர். நீர் செல்லும் வாய் அடைபட்டு, கைப்பிடிச் சுவருக்குள் அம்மழை முழுதும் தேங்கியிருந்தால், சதுர மீட்டருக்கு 228 கிலோகிராம் சுமை ஏறியிருக்கும். மக்கள் நடமாடும் தட்டைக் கூரைக்கு 1987ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணயம் விதிக்கும் சுமையோ ஏறத்தாழ 150 கிலோகிராம்தான். நீர் தேங்கக்கூடிய கூரையாயின் அந்நீரின் சுமையைத் தனியே கணித்து, இரண்டிற் கடுமையானதைக் கொள்ள வேண்டும் என்று அந்நிர்ணயமே கூறுகின்றது. சரிவும் நீர்வாயும் இல்லாத படம் இக்கேள்வியை எழுப்புவதே இல்லை.

வீட்டின் தோற்றத்தைக் காட்டுவதே இம்மென்பொருளின் வேலை, பலத்தைக் கணிப்பது பொறியாளரின் பொறுப்பு என்று சிலர் கூறுவர். நகரத்தில் இது ஒருவாறு பொருந்தலாம். ஆனால் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் பொறியாளரின் கண்ணிற் படாமலே எழும் வீடுகள் மிகப் பல. அங்கே உரிமையாளர் கொத்தனாரிடம் நீட்டுவது கைப்பேசியிலுள்ள அழகிய படத்தைத்தான். அப்படத்தில் உத்தரம் இல்லையெனில், உத்தரம் எங்கே வரவேண்டும் என்ற பேச்சும் எழாது. படம் கணக்குக்கு ஈடாகாது. ஆயினும் கணக்குத் தேவை என்பதை உணர்த்தவேனும் அது பயன்பட வேண்டும்.

இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஆசிரியர்கள் கூரைப் பொத்தானை அழுத்துமுன், சுமைதாங்கும் சுவர்களை மாணவரைக் கொண்டு வேறு நிறத்தில் குறிக்கச் செய்யலாம். பின்னர் உத்தரங்களையும் சட்டங்களையும் ஒவ்வொன்றாக, உண்மையான அளவில், குறுகிய வாட்டத்தில் தனித்தனிப் பொருள்களாக வைக்கச் செய்யலாம். அவற்றின்மேல் தளம், தளத்தின்மேல் சரிவுடன் கூடிய சுருக்கித் தளம், ஓரத்தில் கைப்பிடிச் சுவர், தாழ்ந்த மூலைகளில் இரண்டு நீர்வாய்கள். இறுதியில் வீட்டைக் குறுக்கே வெட்டிக் காட்டும் படம் ஒன்று. இவ்வளவும் இரண்டு வகுப்பு நேரத்தில் முடியக்கூடியதே. கள ஊழியர்களும் வீடு கட்டுவோரிடம் இக்குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்டு வாங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளல் நலம்.

பாடம் முடிந்தபின் பள்ளியின் மொட்டைமாடிக்கு ஒரு வாளி நீரைக் கொண்டு சென்று ஊற்றிப் பார்க்கட்டும். நீர் எங்கே ஓடுகின்றது, எங்கே தேங்குகின்றது என்பதை மாணவர் தம் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அந்த ஒப்பீட்டில் தேறும் படமே கூரையின் படம் எனப்படும் தகுதியுடையது.